இரவு 2.19-க்குப் போன அழைப்பு: குந்தூஸ் மருத்துவமனைத் தாக்குதல் பற்றிய நிகழ்வு ஆய்வு

2015 அக்டோபர் 3, சனிக்கிழமை. அதிகாலை 2.19. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பின் காபூல் பிரதிநிதி நேட்டோ படையின் தொடர்பு எண்ணை அழைத்து, ஆப்கானிஸ்தானின் குந்தூஸில் உள்ள தங்கள் மருத்துவமனை மீது விமானத் தாக்குதல் நடக்கிறது என்று சொன்னார். அடுத்த நிமிடம் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு அழைப்பு போனது. பிறகு ஐ.நா. அதிகாரிகளுக்கு, வாஷிங்டனுக்கு. 2.47-க்கு நேட்டோ தரப்புக்கு ஒரு குறுஞ்செய்தி: ஊழியர் ஒருவர் இறந்தது உறுதி, பலரைக் காணவில்லை. 2.52-க்குப் பதில் வந்தது: வருந்துகிறேன், என்ன நடந்தது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. 2.56-க்கு மறுபடியும் செய்தி: தாக்குதலை நிறுத்துங்கள், சாவு அதிகமாக இருக்கும் என்று அஞ்சுகிறோம். 2.59-க்குப் பதில்: என்னால் முடிந்ததைச் செய்கிறேன், உங்கள் எல்லோருக்காகவும் பிரார்த்திக்கிறேன்.

அதே ஆண்டு நவம்பரில் அந்த அமைப்பு வெளியிட்ட உள்விசாரணை அறிக்கையில் இந்த நேரக் குறிப்புகள் இருக்கின்றன. படிக்கும்போது முதலில் உறைப்பது ஒன்றுதான்: தொலைபேசி வேலை செய்திருக்கிறது. சிக்னல் இருந்தது, செய்தி போய்ச் சேர்ந்தது, பதிலும் சில நிமிடங்களில் வந்தது. உதவிப் பணியாளர்களின் பாதுகாப்புக்குத் தொழில்நுட்பம் என்று பேச்செடுத்தாலே சேட்டிலைட் போன், வாகனத்தில் ஜிபிஎஸ், வயர்லெஸ், ஆபத்துக்கு அழுத்தும் பொத்தான் என்று கருவிகளை அடுக்கத் தொடங்கிவிடுகிறோம். குந்தூஸில் மருத்துவமனையின் பக்கம் எந்தக் கருவியும் கைவிடவில்லை. இருந்தும் 42 பேர் இறந்தார்கள். இந்த நிகழ்வை எடுத்துக்கொண்டதற்கு அதுதான் காரணம்.

மருத்துவமனை செய்து வைத்திருந்தவை

வடக்கு ஆப்கானிஸ்தானில் எலும்பு முறிவுக்கும் குண்டுக் காயத்துக்கும் உயர்தர இலவச சிகிச்சை தருவதற்கென்று 2011 ஆகஸ்டில் இந்த மருத்துவமனை தொடங்கப்பட்டது. 2015 செப்டம்பர் 28-ல் தாலிபான்கள் குந்தூஸைப் பிடித்தார்கள். 2001-க்குப் பிறகு அவர்கள் கையில் விழுந்த முதல் பெரிய நகரம் அது. அன்று முதல் காயம்பட்டவர்கள் வந்து குவிந்தார்கள். இருந்த 92 படுக்கைகள் போதாமல் கூடுதலாகப் போட வேண்டியிருந்தது.

மறுநாளே, செப்டம்பர் 29-ல், மருத்துவமனையின் ஜிபிஎஸ் எண்களை, அதாவது இருப்பிடத்தைக் காட்டும் எண்களை, அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்கும் காபூலில் இருந்த அமெரிக்கப் படைக்கும் ஆப்கன் அமைச்சகங்களுக்கும் மின்னஞ்சலில் மீண்டும் அனுப்பினார்கள். முன்பே கொடுத்த எண்கள்தான், சண்டை முற்றியதால் இன்னொரு முறை. அமெரிக்கத் தரப்பிலிருந்து 'கிடைத்தது' என்று உறுதியும் வந்தது. கூரையில் அமைப்பின் கொடிகள் இரண்டு விரிக்கப்பட்டிருந்தன. வாசலில் ஆயுதத்தை வைத்துவிட்டுத்தான் யாரும் உள்ளே வரலாம். நகரத்தின் பெரும்பகுதி இருட்டில் கிடக்க, ஜெனரேட்டர் ஓடியதால் அந்த வளாகத்தில் மட்டும் விளக்கு எரிந்தது.

அக்டோபர் 1-ல் வாஷிங்டனிலிருந்து ஓர் அரசு அதிகாரி கேட்டார்: உங்கள் மருத்துவமனையில் தாலிபான்கள் பெருமளவில் பதுங்கியிருக்கிறார்களா? மருத்துவமனை நோயாளிகளால் நிரம்பியிருக்கிறது, அவர்களில் காயம்பட்ட தாலிபான்களும் உண்டு என்று பதில் போனது. இதில் ஒளிக்க எதுவும் இல்லை. போர்ச் சட்டத்தின்படி, காயம்பட்டுப் படுத்திருக்கும் படையாள் நோயாளிதான். அன்றிரவு உள்ளே இருந்த 105 நோயாளிகளில் ஏறத்தாழ 20 பேர் தாலிபான்கள். அரசுப் படையினர் மூன்று நான்கு பேர். மற்றவர்கள் ஊர் மக்கள்.

பாதுகாப்புக் கையேடு ஒன்றை எடுத்துவைத்துச் சரிபார்த்தால் எல்லா இடத்திலும் 'ஆம்' என்றுதான் எழுத வேண்டியிருக்கும். இடம் தெரிவிக்கப்பட்டதா? ஆம். அடையாளம் இட்டதா? ஆம். அவசர எண்கள் கையில் இருந்தனவா? ஆம். சில நாட்களாக நகரத்தை அதிரவைத்த சண்டை அன்றிரவு ஓய்ந்திருந்தது. தள்ளிப்போட்டிருந்த அறுவை சிகிச்சைகளை முடித்துவிடலாம் என்று மருத்துவர்கள் அரங்கில் வேலையாக இருந்தார்கள்.

வானத்தில் நடந்தது

தாக்கியது அமெரிக்காவின் ஏசி-130 விமானம். ஓர் இடத்தைச் சுற்றி வட்டமிட்டுக்கொண்டே பக்கவாட்டிலிருந்து பீரங்கியால் சுடுவது அதன் முறை. 105 மி.மீ. பீரங்கியைத் தாங்கிய விமானம் அது. அன்றைய வேலை, ஆப்கன் உளவுத் துறையின் குந்தூஸ் அலுவலகத்தைத் தாக்குவது. அதைத் தாலிபான்கள் பிடித்துவைத்திருந்தார்கள்.

அமெரிக்க ராணுவ விசாரணையின் சுருக்கம் முதலில் 2015 நவம்பரிலும், விரிவான அறிக்கை 2016 ஏப்ரலிலும் வெளியாயின. அவற்றிலிருந்து கிடைக்கும் வரிசை இது. வேறொரு இடத்தில் தங்கள் வீரர்கள் சண்டையில் சிக்கியதாகத் தகவல் வர, விமானம் குறித்த நேரத்துக்கு 69 நிமிடங்கள் முன்னதாகவே கிளம்பிவிட்டது. கிளம்பும் முன் கொடுக்க வேண்டிய விளக்கத்தை முழுதாகக் கொடுக்க நேரமில்லை. தாக்கக் கூடாத இடங்களின் பட்டியல் விமானத்தில் ஏறவில்லை. பறக்கும்போது அனுப்பினால் போகிறது என்று நினைத்திருக்கலாம். ஆனால் நடுவழியில் தகவல் தொடர்பு ஆண்டெனா செயலிழந்தது. மின்னஞ்சல் போகவில்லை, காணொளி போகவில்லை. பேச மட்டும் முடிந்தது.

குந்தூஸை நெருங்கியதும், தங்களை நோக்கி ஏவுகணை வருவதாக விமானக் குழுவினர் நினைத்து, வட்டத்தைப் பெரிதாக்கி விலகிப் போனார்கள். அந்தத் தூரத்தில் குறிபார்க்கும் கருவியின் துல்லியம் குறையும். தரையிலிருந்து கொடுக்கப்பட்ட எண்களைப் போட்டார்கள். திரையில் வந்தது ஒரு வெட்டவெளி, உளவு அலுவலகத்திலிருந்து 300 மீட்டருக்கு மேல் தள்ளி. வெட்டவெளியை யார் தாக்கச் சொல்வார்கள்? எண் தப்பு என்று முடிவுகட்டி, ஆப்கன் தரப்பு சொன்ன வர்ணனைக்கு ஏறக்குறையப் பொருந்துகிற பெரிய கட்டடம் ஒன்றை அக்கம்பக்கத்தில் தேடினார்கள். கிடைத்தது மருத்துவமனை. தாக்குதலுக்கு அனுமதி கொடுத்த தரைப்படைத் தளபதி இருந்த இடத்திலிருந்து மருத்துவமனையும் தெரியாது, உளவு அலுவலகமும் தெரியாது. வானத்திலிருந்து வந்த விவரிப்பை அவர் தன் மனதில் இருந்த கட்டடத்துக்குப் பொருத்திக்கொண்டார்.

இதற்குப் பின் நடந்ததுதான் இந்த ஆய்வின் முடிச்சு. விமானம் பழைய வட்டத்துக்குத் திரும்பியது. கருவி சரியாகிவிட்டது. அதே எண்கள் இப்போது உண்மையான இலக்கை, அதாவது உளவு அலுவலகத்தைக் காட்டின. குழு அதை நம்பவில்லை. ஒரு முறை வெட்டவெளியைக் காட்டிய கருவி அல்லவா? கண்ணில் பட்ட கட்டடத்தையே பிடித்துக்கொண்டார்கள். தவறாகச் சொன்ன நேரத்தில் கருவி கெடுத்தது. சரியாகச் சொன்ன நேரத்தில் அதன் பேச்சு எடுபடவில்லை.

பட்டியல் மேசையில் இருந்தது

சுடுவதற்கு ஒரு நிமிடம் முன்னால் விமானக் குழு பக்ராம் விமானத் தளத்தில் இருந்த தலைமைக்குத் தகவல் சொன்னது: இந்தக் கட்டடத்தைத் தாக்கப் போகிறோம், அதன் எண்கள் இவை. சொன்னவை மருத்துவமனையின் எண்கள். பக்ராமில் தாக்கக் கூடாத இடங்களின் பட்டியல் இருந்தது. அதில் அதே எண்கள் இருந்தன. இரண்டும் ஒன்று என்று அங்கே யாருக்கும் தோன்றவில்லை.

இந்த இடத்தில் எனக்குக் கோபம் வருகிறது என்பதை மறைக்கவில்லை. சாப்பாடு கொண்டுவரும் இளைஞரின் போன்கூட, வாடிக்கையாளர் வீட்டுக்கு 100 மீட்டர் முன்னால் வந்ததும் மணியடித்துவிடுகிறது. இரண்டு இடங்களின் எண்களை ஒப்பிட்டு 'இவை அருகருகே உள்ளன' என்று சொல்வதற்கு மேதைமை எதுவும் தேவையில்லை. உலகின் அதிகச் செலவுள்ள ராணுவத்தில் அந்த ஒப்பீடு களைத்துப்போன ஒரு மனிதரின் நினைவாற்றலுக்கு விடப்பட்டிருந்தது. பட்டியல் ஆவணமாக இருந்தது, மணியாக இல்லை. உதவி அமைப்புகள் பல ஆண்டுகளாகப் பாடுபட்டு எண்களைச் சேர்த்து, சரிபார்த்து, அனுப்பி, ஒப்புகை வாங்கி வைக்கின்றன. அத்தனையும் ஒரு மேசை வரைக்கும் போகிறது. மேசையிலிருந்து சுடும் விசைக்குப் போகும் கடைசி முழம்தான் வழி இல்லாமல் கிடக்கிறது.

சுடத் தொடங்கியது 2.08-க்கு. பக்ராமில் ஓர் அதிகாரிக்கு மருத்துவமனைத் தரப்பின் அழைப்பு வந்தது 2.20-க்கு. தாங்கள் அடிப்பது மருத்துவமனை என்று தலைமைக்கும் தளபதிக்கும் உறைத்தது 2.37-க்கு. பதினேழு நிமிடங்கள். அதற்குள் விமானம் தன் வேலையை முடித்திருந்தது. 211 குண்டுகள் சுட்டிருந்தது. இது அமெரிக்கக் கணக்கு. தாக்குதல் ஒரு மணி நேரம்வரை நீடித்தது என்பது மருத்துவர்களின் கணக்கு. எதை எடுத்துக்கொண்டாலும், அந்த அழைப்பு ஒரு குண்டையும் நிறுத்தவில்லை.

முதலில் தீவிர சிகிச்சைப் பிரிவு அடிபட்டது. எழுந்து ஓட முடியாதவர்கள் இருந்த பிரிவு அது. சிலர் படுக்கையிலேயே எரிந்துபோனார்கள். பிறகு அறுவை அரங்குகள், அவசர சிகிச்சை அறை. வளாகத்தில் இருந்த மற்றக் கட்டடங்கள் பெரும்பாலும் தப்பின. தப்பியவர்கள் அலுவலக அறை ஒன்றில் மேசையை இழுத்துப் போட்டு, அடிபட்டு வந்த தங்கள் சக மருத்துவர் ஒருவருக்கு அறுவை சிகிச்சை செய்து பார்த்தார்கள். அவர் அந்த மேசையிலேயே இறந்தார். இறந்த 42 பேரில் 24 பேர் நோயாளிகள், 14 பேர் ஊழியர்கள், 4 பேர் நோயாளிகளுக்குத் துணையாக வந்த உறவினர்கள். ஊழியர்கள் பதினான்கு பேரும் ஆப்கானியர்கள்.

பின்னர் நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அதிபர் ஒபாமா அமைப்பின் அன்றைய தலைவர் ஜோன் லியூவைத் தொலைபேசியில் அழைத்து மன்னிப்புக் கேட்டார். 16 பேர் மீது துறைரீதியான நடவடிக்கை எடுக்கப்பட்டது, குற்ற வழக்கு இல்லை. உள்நோக்கம் இல்லாததால் இது போர்க்குற்றம் ஆகாது என்றது ராணுவம். இறந்தவர் குடும்பத்துக்கு 6,000 டாலர், காயம்பட்டவருக்கு 3,000 டாலர். ஜெனீவா உடன்படிக்கைகளின் கூடுதல் நெறிமுறைப்படி அமைந்த சர்வதேச உண்மை கண்டறியும் ஆணையம் விசாரிக்க வேண்டும் என்று மருத்துவர்கள் கேட்டார்கள். சம்பந்தப்பட்ட அரசுகள் இசைந்தால்தான் அது விசாரிக்க முடியும். அமெரிக்காவும் ஆப்கானிஸ்தானும் இசையவில்லை.

எண்ணைக் கொடுப்பதா, மறைப்பதா

நான்கு மாதம் கழித்து, 2016 பிப்ரவரி 15-ல், சிரியாவின் இட்லிப் மாகாணத்தில் மஅர்ரத் அல்-நுமான் ஊரில் இதே அமைப்பின் உதவியோடு நடந்த மருத்துவமனை குண்டுவீச்சில் தகர்ந்தது. 25 பேர் இறந்தார்கள். அந்த மருத்துவமனையின் எண்கள் சிரிய அரசுக்கோ ரஷ்யாவுக்கோ கொடுக்கப்பட்டிருக்கவில்லை. கொடுக்க வேண்டாம் என்று அங்கே வேலை செய்த மருத்துவர்களே கேட்டுக்கொண்டார்கள் என்றார் ஜோன் லியூ. எண்ணைக் கொடுத்தால் குறிவைக்க வசதியாகிவிடும் என்று அவர்கள் நினைத்தார்கள்.

அந்தப் பயத்தை மிகை என்று ஒதுக்க முடியாது. சிரியாவில் ஐ.நா. நடத்திய மோதல் தவிர்ப்பு அறிவிப்பு முறையில், அதாவது தாக்கக் கூடாத இடங்களைச் சண்டையிடும் தரப்புகளுக்கு முன்கூட்டியே தெரிவிக்கும் ஏற்பாட்டில், இடத்தைப் பதிவு செய்திருந்த மருத்துவமனைகளும் தாக்கப்பட்டன. அதைப் பற்றி ஐ.நா.வே விசாரணைக் குழு அமைத்தது. 2020 ஜூனில் ரஷ்யா அந்த ஏற்பாட்டிலிருந்தே விலகிக்கொண்டது. குந்தூஸில் கொடுத்த எண் கவனிக்கப்படவில்லை. சிரியாவில் அதே எண் கவனிக்கப்பட்டுவிடுமோ என்று பயந்தார்கள். இரண்டு இடத்திலும் எண் ஒரே மாதிரியான எண்தான். அதை வைத்திருப்பவரின் எண்ணம் என்ன, அவருடைய ஒழுங்கு எப்படி என்பதை எந்தச் செயற்கைக்கோளும் சொல்லிவிடாது. தொழில்நுட்பம் விற்க வருகிறவர்கள் இந்தப் பேச்சைத் தொடுவதே இல்லை.

நான்கைந்து நிமிடங்கள்

2024 ஏப்ரல் 1 இரவு, காஸாவின் டெய்ர் அல்-பலா. வேர்ல்ட் சென்ட்ரல் கிச்சன் அமைப்பினர் கடல் வழியாக வந்த 100 டன்னுக்கும் மேற்பட்ட உணவைக் கிடங்கில் இறக்கிவிட்டு மூன்று வாகனங்களில் கிளம்பினார்கள். இரண்டு வாகனங்கள் குண்டு துளைக்காதவை. கூரைமேல் அமைப்பின் சின்னம் பெரிதாக இருந்தது. பயணத்தைப் பற்றி இஸ்ரேல் ராணுவத்துக்கு முன்கூட்டியே தெரிவித்திருந்தார்கள். ட்ரோன் மூன்று வாகனங்களையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தாக்கியது. ஏழு பேர் இறந்தார்கள். ஆறு பேர் வெளிநாட்டினர், ஒருவர் காஸாவைச் சேர்ந்த ஓட்டுநர்.

சில நாட்களில் இஸ்ரேல் ராணுவம் தன் விசாரணை முடிவை வெளியிட்டது. லாரி ஒன்றின்மேல் துப்பாக்கி ஏந்திய ஒருவரைப் பார்த்துவிட்டு, வாகனங்களில் ஹமாஸ் ஆட்கள் இருப்பதாக முடிவு செய்தார்களாம். பயணத் தகவல் மேல்மட்டத்துக்கு வந்தது, ட்ரோனை இயக்கியவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. இரவில் வெப்பத்தைப் பார்க்கும் கேமராவுக்குக் கூரைச் சின்னம் தெரியவில்லை. அதிகாரிகள் இருவர் பதவி நீக்கப்பட்டார்கள். குந்தூஸ் அறிக்கையைப் படித்தவருக்கு இதில் புதிதாக ஒன்றும் இராது: மேசைவரை வந்த தகவல், விசைவரை போகாத தகவல், கூரையில் இருந்தும் பயன்படாத அடையாளம்.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. குந்தூஸில் கத்திச் சொல்ல, 2.08 முதல் 2.37 வரை, 29 நிமிடமாவது இருந்தது. டெய்ர் அல்-பலாவில் முதல் ஏவுகணைக்கும் மூன்றாவதுக்கும் நடுவே நான்கைந்து நிமிடம். அடிபட்ட வாகனத்திலிருந்து தப்பியவர்கள் அடுத்த வாகனத்துக்கு மாறினார்கள், அதுவும் அடிபட்டது. 'நிறுத்துங்கள்' என்று சொல்லும் தொலைபேசி எண்ணை எவ்வளவு நல்ல கருவியில் வைத்திருந்தாலும் அந்த அவகாசத்தில் எதுவும் ஆகாது. தாக்கும் ஆயுதம் வேகமாகும்போது, தடுக்கும் ஏற்பாடு தாக்குதலுக்கு முன்னாலேயே வேலை செய்தாக வேண்டும். விசையை இயக்குகிறவரின் திரையிலேயே பட்டியல் சிவப்பாகத் தெரிய வேண்டும். வெப்பக் கேமராவுக்குத் தெரியும் ஒட்டுத்தாள்களைப் பற்றி அந்தத் தாக்குதலுக்குப் பிறகு பேச்சு எழுந்தது. நல்லதுதான். ஆனால் அது செலவையும் பொறுப்பையும் மறுபடி உதவி செய்ய வந்தவர் தலையில் வைக்கிறது.

2024-ல் உலகம் முழுவதும் 383 உதவிப் பணியாளர்கள் கொல்லப்பட்டதாக ஐ.நா. கணக்கு சொல்கிறது. அதுவரை எந்த ஆண்டிலும் அத்தனை பேர் இறந்ததில்லை. அவர்களில் மிகப் பெரும்பாலோர் அந்தந்த நாட்டைச் சேர்ந்த ஊழியர்கள்.

நமக்கு இலங்கையின் மூதூர் நினைவுக்கு வராமல் இருக்காது. 2006 ஆகஸ்ட் 1-ல் ஏசிஎஃப் என்ற பிரெஞ்சு அமைப்பின் உள்ளூர் ஊழியர்கள் 17 பேர் தண்ணீர், சுகாதாரப் பணிக்காகத் திருகோணமலையிலிருந்து மூதூருக்குப் போய், சண்டை மூண்டதால் திரும்ப முடியாமல் அலுவலகத்திலேயே மாட்டிக்கொண்டார்கள். பதினாறு பேர் தமிழர், ஒருவர் முஸ்லிம். வயர்லெஸ் இருந்தது. திருகோணமலையோடு பேசிக்கொண்டே இருந்தார்கள். வெளியே கிளம்பாமல் அலுவலகத்திலேயே இருங்கள், அடையாளம் தெரியும்படி அமைப்பின் சட்டையைப் போட்டுக்கொள்ளுங்கள் என்பது அங்கிருந்து வந்த அறிவுரை. ஆகஸ்ட் 4 காலையோடு வயர்லெஸ் ஓய்ந்தது. அவர்களில் பெரும்பாலோர் அந்தச் சட்டையோடுதான் வளாகத்தில் சுடப்பட்டுக் கிடந்தார்கள். இன்றுவரை யாரும் தண்டிக்கப்படவில்லை. இது குந்தூஸ் போன்ற குழப்பம் இல்லை. அருகில் நின்று சுட்டது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. ஆனாலும் வயர்லெஸ் அறையில் உட்கார்ந்திருப்பவர் கேட்டுக்கொள்ள வேண்டிய ஒரு கேள்வி மூதூரில் மிச்சமிருக்கிறது: குரல் தெளிவாகக் கேட்கிறது, சரி, கேட்ட பிறகு அனுப்ப என்னிடம் என்ன இருக்கிறது?

வயர்லெஸ் அறையின் ஒழுங்கு

களப்பணியில் இருப்பவர்கள் வயர்லெஸ் அறையை அறிவார்கள். வண்டி கிளம்பும்போது அழைப்புக் குறி, உள்ளே எத்தனை பேர், எங்கே போகிறது, எத்தனை மணிக்குச் சேரும் என்று சொல்ல வேண்டும். வழியில் குறித்த இடங்களில் மறுபடியும். நோட்டில் நேரத்தோடு எழுதிக்கொள்வார்கள். சொன்ன நேரம் தாண்டினால் அறையில் இருப்பவர் அழைப்பார். பதில் இல்லையென்றால் இத்தனை நிமிடத்தில் யாரை எழுப்ப வேண்டும் என்று எழுதி ஒட்டியிருக்கும். பழைய முறை, அலுப்பான முறை. ஆனால் அதில் ஒவ்வொரு தகவலுக்கும் அதைக் கேட்டு நடவடிக்கை எடுக்க வேண்டிய ஓர் ஆள் உண்டு. அனுப்பினேன் என்பதோடு அது நிற்பதில்லை.

படைகளோடு வைத்துக்கொள்ளும் தொடர்பில் அந்த ஒழுங்கு பாதியில் நிற்கிறது. எண்களை அனுப்புகிறோம், 'கிடைத்தது' என்று பதில் வாங்குகிறோம். கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. இந்தப் பட்டியல் விமானத்தில் தானாக ஏறுகிறதா, யாராவது கையால் ஏற்ற வேண்டுமா? அவசரமாகக் கிளம்பிய விமானத்துக்கு எப்படிப் போகும்? நான் அழைக்கும் எண்ணை எடுப்பவர் தாக்குதலை நிறுத்தும் அதிகாரம் உள்ளவரா, அல்லது அந்த அதிகாரியைத் தேடிப் போகிறவரா? இரவு இரண்டு மணிக்கு ஒத்திகையாக அழைத்தால் எத்தனை நிமிடத்தில் விமானியின் காதில் 'நிறுத்து' என்று விழும்? இந்தக் கடைசி எண்ணிக்கையை அளந்து வைத்திருக்காத ஏற்பாட்டை நான் பாதுகாப்பு ஏற்பாடு என்று சொல்லமாட்டேன். குந்தூஸில் அதை அளந்தது விசாரணைக் குழுதான்.

அந்த நகரத்தில் புதிய மருத்துவமனையைக் கட்டி முடிக்க ஆண்டுகள் ஆயின. 2021 கோடையில் மறுபடி சண்டை மூண்டபோது கட்டடம் இன்னும் முழுதாகத் தயாராகவில்லை. ஊழியர்கள் தங்கள் அலுவலகத்தையே காலிசெய்து, படுக்கைகள் போட்டு, காயம்பட்டவர்களைச் சேர்த்துக்கொண்டார்கள். காபூல் தாலிபான்கள் கைக்குப் போன மறுநாள், ஆகஸ்ட் 16-ல், அங்கிருந்த நோயாளிகளைப் புதிய கட்டடத்துக்கு மாற்றினார்கள்.